சூடானால் சரியாகிவிடும்

சனாயியாவின் ஷட்டர்கள் பாதி தூக்கத்தில் இருக்கும்போதே
தாத் ரஹீமின் ஷாஸ் வருவது
தெருமுனையில் தெரிந்துவிடும்.
டிக் டிக் டிக்.
ஐஸ் பெட்டிக்குள் அகப்பட்ட யாரோ
விரல் முட்டியால் தட்டுவதுபோல.

எண்பத்தொன்பது மாடல்.
கிலோமீட்டர் முள் நின்ற இடத்திலேயே நின்று
எத்தனையோ வருஷம்.
சொஹாரில் மீன் ஏற்றி
வாதி ஜிஸி ஏறி
புரைமியில் இறக்குவார்.
சத்தத்தைப் பற்றிக் கேட்டால்
"சூடானால் சரியாகிவிடும், சதீக்."

பொய்யில்லை.
பத்துக் கிலோமீட்டரில் இரும்பு விரிந்து
வாயை மூடிக்கொள்ளும்.
டாக்டர் வீட்டு வாசலில் இறங்கிவிடும்
காய்ச்சல் மாதிரி.

அந்த ஜனவரியில் ஆயில் மாற்றத்தான் வந்தார்.
பழைய ரசீதைத் தேடி
டேஷ்போர்டுக்குள் கை விட்டேன்.
பனடால் அட்டைகள்.
ஒன்று, நாலு, பதினொன்று.
பிதுக்கிய வெள்ளிக் குழிகள்
மடியெல்லாம் கொட்டின.

"தலைவலியா?"
"குளிர்காலத்தில் மட்டும்.
கிளினிக்கில் கண்ணாடி போடச் சொன்னார்கள்."
போட்டிருந்தார்.
"கோடையில்?"
"கோடையில் ஜன்னல் திறந்திருக்கும். ஏசி ஏது?"

மீன் சந்தையில் விடிகாலை வரிசை.
அணைத்தால் மறுபடி பிடிக்காத எஞ்சின்.
கண்ணாடியை ஏற்றிவிட்டு, ஓடவிட்டு,
உள்ளேயே கண்ணயர்வாராம்
முக்கால் மணி நேரம்.

நான் பேசவில்லை.
ஸ்பேனர்களுக்குப் பின்னால் இருந்த முருகனிடம்
ஒரு ஊதுபத்தி கடன் வாங்கினேன்.
பெல்ட்டைக் கழற்றி ஃபேனை நிறுத்தி
வண்டியைக் கிளப்பச் சொன்னேன்.
முதல் சிலிண்டர், புகை நூல் பிடித்தாற்போல நின்றது.
இரண்டு, மூன்று, அப்படியே.
ஐந்தில் கொஞ்சம் யோசித்தது.
ஆறில் துள்ளியது.
துள்ளிய புகை போன திசையில்
கேபினுக்குள் கேபிள் நுழையும் ஓட்டை,
ரப்பர் என்றைக்கோ உதிர்ந்துபோய்
சுற்றிலும் கரி.

சூட்டில் அடங்கியது சத்தம் மட்டும்தான்.

இரண்டு ராத்திரி எண்ணெயில் ஊறவைத்தும்
கடைசி ஸ்டட் முறிந்தது.
முறியும் என்று தெரியும்,
ஆனாலும் அந்த 'டக்' கேட்டதும்
முழங்கைவரை கூசியது.
எனக்குத் தெரிந்த நான்கு பாஷையிலும் திட்டினேன்.
முறிந்த முனையில் ஒரு நட்டை வைத்து வெல்டிங்.
செக்கச் சிவந்ததும் மெழுகுவர்த்தியைத் தொட்டு
உருகியதை உள்ளே குடிக்கவிட்டு
கால் சுற்று முன்னே, அரைக்கால் பின்னே.
இரும்பிடம் அவசரம் காட்டக் கூடாது.
காட்டினேன். வெல்டிங் பெயர்ந்தது.
மூன்றாவது நட்டில்தான் மனம் இரங்கியது.

லேத்துக்கார பாப்பச்சன் மேனிஃபோல்டைக் கவிழ்த்து
ஸ்கேலை வைத்து வெளிச்சத்தில் பார்த்து
"வாழைப்பழம்" என்றான்.
ஒரு மில்லி வளைவு.
சீவித் தட்டையாக்க எட்டு ரியால்,
கேஸ்கெட் நாலரை,
ஓட்டைக்கு ரப்பர் இருநூறு பைசா.
உயிரைக் காப்பது
எப்போதும் பில்லின் கடைசி வரிதான்.

நடுவிலிருந்து தொடங்கி
இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று.
சூடாக்கி ஆறவிட்டு
மறுபடி அதே வரிசையில் முறுக்கினேன்.

விடிகாலைக் குளிரில் கிளப்பினார்.
காதைச் சாய்த்தார்.
இறங்கி வந்து பானெட்டில் கை வைத்து
"ஓடுகிறதா?" என்றார்.

பாக்கிக்கு ஒரு நெய்மீன் தந்தார்.
பனடால் அட்டை ஒன்றில் நாலு மாத்திரை மிச்சம்,
அதையும் என் கையில் திணித்து
மலைப்பக்கம் திரும்பிப் போனார்.

ஹீட்டர் செலவைப் பார்த்து
ஷட்டரைப் பாதியில் நிறுத்துவது எங்கள் வழக்கம்.
உள்ளே ஒரு ஹைலக்ஸ், ஒரு பத்ரோல்,
இரண்டும் ஓடிக்கொண்டிருந்தன.
இரண்டு மாத்திரையைத் தண்ணீரில்லாமல் விழுங்கினேன்.
பத்து மணிக்கு எனக்கு வழக்கமாக வருவது அது.
வெயில், தூக்கக்குறைவு, வீட்டு போன்
என்று காரணம் வைத்திருந்தேன்.

கையில் அட்டை.

எழுந்து போய்
ஷட்டரை மேலே, முழுக்க மேலே
ஏற்றினேன்.